இருநூற்றுப் பதினெட்டுக் கையெழுத்து

வாஷிங்டன்
9 மார்ச் 2025

அன்புள்ள ஃபிதென்சியோ அண்ணா,

போன வாரம் நீ போனை வைத்த வேகத்தில் என் காது இன்னும் வலிக்கிறது. "இனிமே பேசணும்னா எழுது. எழுதினாத்தான் நீ குறுக்க பேசமாட்ட" என்றாய். சரி, எழுதுகிறேன். தபால்தலை வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கிழவர் "யாருக்கும்மா, காதலனுக்கா?" என்று கேட்டார். அண்ணனுக்கு என்றதும் முகம் தொங்கிப் போயிற்று.

சண்டைக்குக் காரணமானதை முதலில் பேசிவிடுவோம். அப்பாவைக் குறை சொல்ல வேண்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. நீ டெக்ஸாஸ் மண்ணில், வெஸ்லகோவில் நம் வீட்டுப் பின்னறையில், மருத்துவச்சி தோன்யா பிராக்செதிஸ் கையில் பிறந்தவன். அவர் உன் பிறப்பை முறையாகப் பதிந்தும் விட்டார். அதோடு நின்றிருக்கலாம். அப்பாவும் அம்மாவும் செர்ரி பறிக்க மிச்சிகன் போகும் மாதங்களில் உன்னை ஆற்றுக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவில் அத்தை வீட்டில் விட்டார்கள். அங்கே பள்ளிக்கூடத்தில் உள்ளூர்ப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அப்பா இரண்டு சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போய், நீ மெக்சிகோவில் பிறந்ததாக இன்னொரு தரம் பதிந்து வைத்தார். நம் பக்கத்தில் எத்தனையோ பேர் அப்படிச் செய்தார்கள். பிள்ளை படித்தால் போதும் என்று இருந்தார்கள்.

இப்போது அதுதான் பயமாக இருக்கிறது. உன்னோடு வாழ்கிற ஒராலியாவுக்கு ஆறாம் மாதம். அவளிடம் இந்த நாட்டில் இருப்பதற்கான காகிதம் எதுவும் இல்லை. ஜனவரியில் ஜனாதிபதி போட்ட உத்தரவு, அம்மாவுக்குக் காகிதம் இல்லாமல் அப்பாவும் குடிமகனோ நிரந்தரவாசியோ இல்லை என்றால், இந்த மண்ணில் பிறக்கிற குழந்தையும் இந்த நாட்டுக் குழந்தை இல்லை என்கிறது. நீதிமன்றங்கள் அதை நிறுத்தி வைத்திருக்கின்றன. எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. நீ குடிமகன் என்று நிரூபணமானால் குழந்தைக்கு ஒரு கவலையும் இல்லை. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாயா, இல்லையா?

உன் தங்கை
நெரைதா

வெஸ்லகோ
18 மார்ச்

நெரைதா,

விண்ணப்பித்துவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை, ஒராலியா சாப்பாடு போடமாட்டேன் என்றதற்காக.

பதிலும் வந்துவிட்டது. மருத்துவச்சி கையில் பிறந்தவன் என்பதால் மேலும் ஆதாரம் வேண்டுமாம். அம்மா கர்ப்பமாக இருந்தபோது டாக்டரிடம் காட்டிய சீட்டு, ஞானஸ்நானச் சான்றிதழ், அக்கம்பக்கத்தார் வாக்குமூலம். அந்தக் காலத்தில் சில மருத்துவச்சிகள் பொய்ப் பிறப்பு எழுதி மாட்டிக்கொண்டார்கள் என்பதற்காக, ஆற்றங்கரையில் பிறந்த எல்லோரையும் இப்படி நிற்க வைக்கிறார்கள். நாற்பது வயதில் நான் பிறந்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கத்து பால்தெமாரிடம் காட்டினேன். அவனைத் தெரியும்தானே, ஏசி ரிப்பேர் செய்கிறவன், பெண்டாட்டி விட்டுவிட்டுப் போனவன். "எங்கம்மா என்னை ஆஸ்பத்திரில பெத்தா. பொறந்தவுடனே பாதத்துல மை தடவி அச்சு எடுத்து வச்சிருக்காங்க. உனக்கு என்னடா இருக்கு, தொப்புள மட்டும் காட்டுவியா?" என்கிறான். நீயும் அவன் கட்சிதான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிறந்தவள். உனக்கு ஒருநாளும் புரியாது.

அப்பா மெக்சிகோவில் பதிந்த அந்த இரண்டாவது காகிதத்தைப் பற்றி நான் எழுதவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை. நீயும் வாயைத் திறக்காதே.

ஃபிதென்சியோ

வாஷிங்டன்
6 ஏப்ரல்

அண்ணா,

நல்ல செய்தி. நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் காங்கிரஸ் உறுப்பினர் ஹால்வர்சன் மசோதா கொண்டுவந்துவிட்டார். ஒன்றரைப் பக்கம். இங்கே பிறந்த குழந்தை இங்கே குடிமகன். அதற்கு எதிரான எந்த உத்தரவை நிறைவேற்றவும் ஒரு காசு செலவழிக்கக் கூடாது. முதல் வரைவை எழுதியது நான்.

ஆனால் மசோதா குழுவுக்குப் போயிருக்கிறது. குழுத் தலைவர் அதை எடுக்கப் போவதில்லை. அவரைத் தாண்டிப் போக ஒரே ஒரு வழி உண்டு. அவை நடக்கும்போது இருநூற்றுப் பதினெட்டு உறுப்பினர்கள், அதாவது அவையில் பாதிக்கு மேல், தாங்களே முன்மேசைக்கு நடந்துபோய் ஒரு மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டவர் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் பலர் அந்த மேசைப் பக்கமே வருவதில்லை. மனு வைக்கவே இன்னும் சில வாரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஆள் சேர்க்கிறோம்.

இங்கே எல்லோரும் சட்டப் பிரிவு எண் சொல்லித்தான் பேசுகிறார்கள். ஒரு மனிதனைப் பற்றிக் கேட்டால்தான் அசைவார்கள். பெயர் போடாமல் உன் கதையைச் சொல்லட்டுமா?

நெரைதா

வெஸ்லகோ
15 ஏப்ரல்

குட்டி,

ஒரு விஷயம் கேட்கிறேன், கோபப்படாதே. இங்கே பிறந்தவன் இந்த ஊர்க்காரன் என்று அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களே? நூற்றைம்பது வருஷமாக இருப்பதை இன்னொரு தரம் சொல்ல எதற்குச் சட்டம்? பால்தெமாரிடம் கேட்டேன். "வீட்டு வாசல்ல பேர் எழுதியிருக்கும்போதே எவனோ உள்ள வந்து உக்காந்துட்டான்னா, இன்னொரு பலகை எழுதித்தான்டா மாட்டணும்" என்றான். அவன் சொன்னால் புரிகிறது.

எலுமிச்சை, ஆரஞ்சு லோடு இப்போது உள்ளூருக்குள் மட்டும்தான் ஓட்டுகிறேன். வடக்கே ஃபால்ஃபூரியாஸ் சோதனைச்சாவடியைத் தாண்டுவதில்லை. இருபது வருஷமாக "குடிமகனா?" "ஆமாம்" என்று ஒரு வார்த்தையில் தாண்டிய இடம். அந்த ஆமாம் இப்போது தொண்டையில் நிற்கிறது.

கதையைச் சொல். ஒராலியாவும் சரி என்கிறாள். ஆனால் என் பெயர் வேண்டாம். அந்த இரண்டாவது காகிதம் வேண்டவே வேண்டாம்.

கல்யாணம் எப்போது என்று கேட்டிருந்தாயாம் ஒராலியாவிடம். ஆறு வருஷம் சேர்ந்து வாழ்ந்தாயிற்று, பாஸ்போர்ட் வந்ததும் போய்ப் பதிவு செய்கிறோம். சும்மா நச்சரிக்காதே.

ஃபிதென்சியோ

வாஷிங்டன்
15 மே

அண்ணா,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நான்கு தாளைக் கிழித்துவிட்டேன்.

காலையில் அவை கூடியதும் உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு நிமிடம் எதைப் பற்றியும் பேசலாம். எதிரே காலி நாற்காலிகள்தான் இருக்கும், கேமரா மட்டும் ஓடும். ஹால்வர்சனுக்கு நான் எழுதிக் கொடுத்ததில் உன் பெயர் இல்லை. இரண்டாவது காகிதமும் இல்லை. "டெக்ஸாஸில் ஒரு லாரி ஓட்டுநர்" என்று மட்டும் எழுதியிருந்தேன்.

ஆனால் லிஃப்டில் இறங்கும்போது அவர் சலிப்பாக இருந்தார். "யாரும்மா கேக்கப்போறா?" என்றார். அவருக்கு உறைக்க வேண்டும் என்று நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பா, அத்தை வீடு, பள்ளிக்கூடம், சாட்சிகள், எல்லாம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிதர் அண்ணா, அதுதான் பிரச்சினை. மேடையேறியதும் என் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "என் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்ணின் அண்ணன், பெயர் ஃபிதென்சியோ கவசோஸ்" என்று ஆரம்பித்தார். பிள்ளையைப் படிக்க வைக்க ஒரு ஏழைத் தகப்பன் எல்லை தாண்டிப் போய் இரண்டாம் முறை பதிந்த கதையை அறுபது நொடியில் அழகாகச் சொன்னார். நான் சுவரோரம் நின்று கையை ஆட்டினேன். உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

உனக்கு இதை வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

நெரைதா

வெஸ்லகோ
24 மே

நெரைதா,

நீ என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால்கூடத் திட்டிவிட்டு ஆறியிருப்பேன். இரக்கப்பட்டாய். அதை என்ன சொல்லித் திட்டுவது?

ஒராலியா வீடியோவைப் பார்த்தாள். பாஷை முழுக்கப் புரியாவிட்டாலும் என் பெயர் புரிந்துவிட்டது. "உங்க தங்கச்சி நல்லாத்தான பேச வச்சிருக்கா, அந்தப் பெரியவர் அழறாரே" என்றாள். நான் விளக்கிச் சொன்ன பிறகு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

எழுதாதே கொஞ்ச நாளைக்கு.

ஃபிதென்சியோ

வாஷிங்டன்
12 ஜூன்

அண்ணா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். அவையில் பேசியது மறுநாள் அச்சாகும். அச்சுக்குப் போகுமுன் பேசியவர் திருத்திக் கொடுக்கலாம் என்று ஒரு வழக்கம் இங்கே உண்டு. அன்று மத்தியானமே ஹால்வர்சன் மேசையில் உட்கார்ந்து, உன் பெயரையும் அந்தக் காகிதத்தையும் அடிக்க வைத்தேன். அச்சில் நீ இல்லை. நூறு வருஷம் கழித்து யார் புரட்டினாலும் "ஒரு லாரி ஓட்டுநர்"தான்.

வீடியோவைத் திருத்த முடியாதாம். கேட்டுப் பார்த்தேன். அழுதும் பார்த்தேன். அது அவையின் சொத்தாம். இதுவரை நாற்பத்தொரு பேர்தான் பார்த்திருக்கிறார்கள் என்று காட்டுகிறது. அதில் இருபது தரம் நானாகத்தான் இருக்கும்.

மனுவில் இன்றைக்கு இருநூற்று ஒன்பது கையெழுத்து. ஒன்பது பேர் வேண்டும்.

நெரைதா

வெஸ்லகோ
28 ஜூன்

நெரைதா,

அந்த வீடியோவை உன்னைத் தவிர ஒரே ஒருவர் பார்த்ததே போதும் என்று ஆகிவிட்டது. பாஸ்போர்ட்டுக்குப் பதில் வந்தது. "தாங்கள் மெக்சிகோவில் பிறந்ததாக உள்ள பதிவைப் பற்றித் தெரியவந்துள்ளது." எப்படித் தெரியவந்தது என்று போடவில்லை. நான் இங்கே பிறந்தேன் என்று நிரூபணமாகவில்லையாம். வேண்டுமானால் நான் வழக்குப் போடலாமாம், இரண்டு மூன்று வருஷம் ஆகலாம் என்று வக்கீல் சொல்கிறார். குழந்தைக்கு இன்னும் இரண்டு வாரம்.

தோன்யா பிராக்செதிஸ் உயிரோடு இருந்தால் தோளில் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் உட்கார வைத்திருப்பேன்.

நேற்று ரேடியோவில் சொன்னார்கள். நாட்டின் பெரிய கோர்ட் தீர்ப்புப்படி இனிமேல் ஒரு நீதிபதி நாடு முழுக்க உத்தரவை நிறுத்த முடியாதாம். வழக்குப் போட்ட மாநிலங்களுக்குப் பாதுகாப்பு இருக்கலாம், டெக்ஸாஸ் போடவில்லை. முப்பது நாளில் உத்தரவு நடப்புக்கு வருமாம், அதற்கு முன்னால் பிறக்கிற குழந்தையைத் தொடாது என்று யாரும் சொல்லவில்லை. பழக் கிடங்கில் என்னோடு லோடு ஏற்றுகிற ஒருத்தன் "நியூ மெக்சிகோ வழக்குப் போட்டிருக்குல்ல, அங்க கூட்டிட்டுப் போய்ப் பெத்துக்கடா, பத்து மணி நேரந்தான்" என்றான். வழியில் சோதனைச்சாவடி இருப்பது அவனுக்கு ஞாபகம் வரவில்லை. அவனுக்கு எதற்கு வரவேண்டும்?

நீ அங்கே உள்ளே இருக்கிறாய். ஒன்றே ஒன்று சொல், என்ன செய்யட்டும்?

ஃபிதென்சியோ

வாஷிங்டன்
11 ஜூலை

அண்ணா, அண்ணா,

உன் கடிதம் முந்தாநாள்தான் வந்தது. போன் எடுக்க மாட்டேன் என்கிறாய், ஒராலியாவின் போனும் அடித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நேற்று வடக்கே ஒரு நீதிபதி எல்லாக் குழந்தைகளையும் ஒரே வழக்கில் சேர்த்து, உத்தரவை மறுபடி நிறுத்திவிட்டார். எந்த மாநிலத்தில் பிறந்தாலும், அப்பா யாராக இருந்தாலும், அம்மா யாராக இருந்தாலும். உன் குழந்தையும் அதில் அடக்கம். இப்போதைக்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். ஊரை விட்டு எங்கேயும் போக வேண்டாம். வீட்டிலேயே இருங்கள்.

மனுவில் இருநூற்றுப் பன்னிரண்டு. மத்திய மேற்கிலிருந்து வந்த ஒரு உறுப்பினர் தாழ்வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு "என் மனசு உங்க பக்கந்தாம்மா" என்றார். "கையெழுத்து?" என்றேன். "மனசைத்தான் சொன்னேன்" என்றார்.

குழந்தை பிறந்ததும் எனக்குச் சொல். திட்டியாவது சொல்.

நெரைதா

வெஸ்லகோ
14 ஜூலை

நெரைதா,

குழந்தை எட்டாம் தேதியே பிறந்துவிட்டது. பெண். ஆறு பவுண்டு பதினொரு அவுன்ஸ். தலை நிறைய முடி. ஒராலியா நன்றாக இருக்கிறாள். போனை நான்தான் அலமாரியில் போட்டுப் பூட்டினேன், யாரோடும் பேசும் நிலையில் இல்லை.

ஒன்பதாம் தேதி காலையில் ஆஸ்பத்திரியில் தகப்பனை ஒப்புக்கொள்ளும் படிவத்தைக் கொண்டுவந்தார்கள். கல்யாணம் ஆகாதவர்களுக்கு அது வேண்டும். அதற்கு முந்தைய வாரமே நாங்கள் மூன்று பேரும் பேசி முடிவு செய்திருந்தோம். நானும் ஒராலியாவும் பால்தெமாரும். அவன்தான் முதலில் சொன்னான். "எம் பாதத்து அச்சு சும்மாதான கெடக்கு. புள்ளைக்குக் குடுக்கறேன்" என்றான். நான் அவனை அடிக்கப் போனேன். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு வழி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அவன் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். படிவத்தைக் கொண்டுவந்த பெண் "வாழ்த்துகள் அப்பா" என்று அவனிடம் சொன்னாள். அவன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டான். அசாலியா சமரிப்பா. அசாலியா நான் வைத்த பெயர். சமரிப்பா அவன் குடும்பப் பெயர்.

உன் விரைவுத் தபால் இன்றைக்குக் காலையில் வந்தது. பத்தாம் தேதி தீர்ப்பு. நாங்கள் ஒன்பதாம் தேதி போட்டோம். ஒரே ஒரு நாள். ஒராலியா கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஃபிதென்சியோ

வாஷிங்டன்
26 ஜூலை

அண்ணா,

நீ எழுதியதை என் மேலதிகாரியிடம் காட்ட முடியாது, வக்கீலிடம் காட்ட முடியாது, ஒருவரிடமும் காட்ட முடியாது. சட்டம் எழுதுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, என் அண்ணன் வீட்டில் ஒரு பொய்ப் படிவம் இருக்கிறது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். உன்னைக் குறை சொல்லவில்லை. அந்தப் படிவத்தில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். லிஃப்டில் நான் வாயை மூடியிருந்தால் உன்னிடம் பாஸ்போர்ட் இருந்திருக்கும்.

ஆனால் கேள். அந்தப் படிவத்தை அறுபது நாளைக்குள் ரத்து செய்யலாம். பால்தெமார் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். செப்டம்பர் முதல் வாரம் வரை நேரம் இருக்கிறது. ரத்து செய். உன் மகள் உன் பெயரில் இருக்கட்டும். அவள் இங்கே பிறந்தவள், அதுவே போதும். அரசியல் சாசனம் அதைத்தான் சொல்கிறது.

போதுமா என்று நீ கேட்டால் சத்தியம் செய்ய என்னால் முடியாது. வழக்கு மறுபடி பெரிய கோர்ட்டுக்குத்தான் போகும். மசோதா நிறைவேறினால் சத்தியம் செய்வேன். இருநூற்றுப் பதின்மூன்றில் நிற்கிறது. இந்த வாரம் அவையை ஒத்திவைத்துவிட்டு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள், செப்டம்பரில்தான் வருவார்கள். முன்மேசையில் மனுகூட இல்லை, எடுத்துப் பூட்டி வைத்துவிட்டார்கள். நான் மட்டும் அலுவலகத்தில் உட்கார்ந்து, கையெழுத்துப் போடாதவர்களின் ஊர் எண்களுக்குப் போன் அடித்துக்கொண்டிருக்கிறேன். பதிவு செய்த குரல்தான் பேசுகிறது.

என்னை மன்னிக்க வேண்டாம். ரத்து மட்டும் செய்.

நெரைதா

வெஸ்லகோ
10 ஆகஸ்ட்

குட்டி,

ரத்துப் படிவத்தைப் பால்தெமாரே வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். "உன் புள்ளைய நீ எடுத்துக்க. எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது, எவனாவது வந்து தகப்பனா இருந்து புள்ளைக்கு என்ன செஞ்சேன்னு கேட்டா என்ன சொல்றது?" என்றான். பேனாவையும் அவனே மூடி திறந்து வைத்தான். பாவம், நல்லவன்.

நானும் ஒராலியாவும் ஒரு வாரம் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். நேற்று நான் அதை எடுத்து மடித்துவிட்டேன். உன் கடிதத்தில் நீயே எழுதியிருக்கிறாய், இப்போதைக்கு என்று. நீதிபதி இப்போதைக்கு நிறுத்துகிறார், பெரிய கோர்ட் இப்போதைக்குப் பேசாமல் இருக்கிறது. நான் நாற்பது வருஷம் இந்த ஊர்க்காரன் என்று இருந்தேன், அதுவும் இப்போதைக்குத்தான் என்று ஜூனில் தெரிந்துகொண்டேன். என் பெயரை அவள் காகிதத்தில் எழுதினால் என் வழக்கும் அவள் தலையில் ஏறும். பால்தெமார் பெயரை எவனும் தொடமாட்டான். நீ கேட்ட ஐந்து கையெழுத்தும் விழுந்து, சட்டமும் வந்த அன்றைக்குச் சொல், யோசிக்கிறேன். அதுவரைக்கும் அவன் கையெழுத்தே இருக்கட்டும்.

அழாதே. நீ செய்தது தப்புதான், ஆனால் நீ ஒருத்திதான் எங்களுக்காக அந்த ஊரில் போன் அடிக்கிறாய் என்று ஒராலியா சொல்கிறாள். நானும் அதைத்தான் நினைக்கிறேன், சொல்ல வாய் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை குழந்தைக்கு ஊசி. பால்தெமாருக்கு ஹார்லிஞ்சனில் அவசர வேலை, வர முடியவில்லை. நான்தான் லாரியில் கூட்டிப் போனேன். அசாலியா வழியெல்லாம் என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நர்ஸ் சீட்டைப் பார்த்துவிட்டு "அப்பா சமரிப்பா வரலையா?" என்று ஒராலியாவிடம் கேட்டாள். இல்லை என்றாள். பிறகு நர்ஸ் என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றாள்.

ஒராலியா வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "டிரைவருங்க. இவங்களக் கூட்டிட்டு வந்தேன்."

"அப்ப வெளிய இருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். ஊசி போட்டபோது குழந்தை வீறிட்டு அழுதது வெளியே நன்றாகக் கேட்டது. நான் லாரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

உன் அண்ணன்
ஃபிதென்சியோ